சேம்பர் இறங்குமா? ஓசூர்ச் சாலையிலிருந்து ஒரு எஞ்சின் வரலாறு

ஓசூரிலிருந்து பாகலூர் பக்கம் போங்கள், தேன்கனிக்கோட்டை பக்கம் போங்கள், இல்லை சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி வரை போங்கள். அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டு ஒரு கார் ஷெட்டுக்குள் இழுத்து வரப்பட்டால், வண்டிக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எஞ்சின் எறக்காம சேம்பர் கழட்ட முடியுமாண்ணா?"

சில வருடங்களாக இந்த வட்டாரத்து மெக்கானிக் ஷெட்டுகளில் உட்கார்ந்து குறிப்பு எடுத்து வருகிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லை ஊர் இது. மூன்று மொழிக்காரர்களும் சேர்ந்து புரிந்துகொள்ளும் சொற்களில் ஒன்று 'சேம்பர்'. ஆங்கிலேயர் புத்தகத்தில் அது ஆயில் சம்ப், அமெரிக்கர் புத்தகத்தில் ஆயில் பேன். நம் ஷெட்டில் ஆயில் சேம்பர், சுருக்கமாகச் சேம்பர். எஞ்சினின் அடியில் தொட்டி போலப் பொருத்தியிருக்கும் பாத்திரம். எஞ்சினுக்குள் சுற்றிவிட்டு வரும் ஆயில் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம். அங்கிருந்து பம்ப் மறுபடி உறிஞ்சி மேலே அனுப்பும்.

ஒரு பாத்திரத்தைக் கழற்றுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு வயதான மெக்கானிக் என்னிடம் சொன்னது இது: "சார், சேம்பர் எறங்குமா எறங்காதான்னு வண்டியை வரைஞ்சவன் அன்னைக்கே முடிவு பண்ணிட்டான். நாம கைய விட்டுப் பாக்கத்தான் முடியும்." அந்த 'வரைஞ்சவன்' எப்போது, ஏன், எப்படி முடிவு செய்தான் என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1911: தகட்டில் ஒரு கதவு

ஃபோர்டு மாடல் டி கார் 1908ல் வந்தது. அதன் எஞ்சினுக்கு அடியில் நீளமான ஒரே இரும்புத் தகட்டுப் பாத்திரம். எஞ்சின், ஃப்ளைவீல், கியர் எல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் கைகள்தான் எஞ்சினைச் சட்டத்தின் மேல் தாங்கிப் பிடித்தன. அப்படியானால் பாத்திரத்தைக் கழற்ற எஞ்சின் முழுவதையும் வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் காலத்து எஞ்சினில் கன்ராடு பேரிங் இன்று போலக் கடையில் வாங்கி மாட்டும் பொருள் இல்லை. வெள்ளீயம் கலந்த மிருதுவான உலோகத்தை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சரிசெய்வார்கள். ஓட ஓடத் தேயும். தேயத் தேய மூடியைக் கழற்றி இறுக்க வேண்டும். அடிக்கடி வரும் வேலை அது. அந்தச் சின்ன வேலைக்கு ஒவ்வொரு முறையும் எஞ்சினை இறக்கினால் யார் தாங்குவார்கள்? அமெரிக்காவில் அந்தக் காரை வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் விவசாயிகள். பக்கத்து ஊரில் மெக்கானிக்கே இருக்க மாட்டான்.

1911ல் ஃபோர்டு அந்தப் பாத்திரத்தின் அடியில் ஒரு திறப்பு வைத்து, போல்ட் போட்ட தகட்டால் மூடினார்கள். தகட்டைக் கழற்றினால் கன்ராடு மூடிகள் கைக்கு எட்டும். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில்கூடப் படாத மாற்றம். ஆனால் வண்டியைச் சொந்தக்காரனே படுத்துக்கொண்டு பழுதுபார்க்க முடியும் என்ற நிலையை அதுதான் உண்டாக்கியது. 1927 வரை 1.5 கோடி மாடல் டி கார்கள் செய்யப்பட்டன. 1926ல் பம்பாயில் ஃபோர்டு இந்தியக் கம்பெனி தொடங்கியபோது, நம் நாட்டில் வண்டி பூட்டும் தொழிலும் அதைப் பிரிக்கும் தொழிலும் சேர்ந்தே வளர்ந்தன.

ஓட்டையில் ஒரு ஊசி

அடுத்த பெரிய மாற்றம் பேரிங்கில் வந்தது. 1930களில் இரும்பு முதுகும் மெல்லிய உலோகப் பூச்சும் கொண்ட இரண்டு பாதி ஓடுகளாகப் பேரிங் வரத் தொடங்கியது. உருக்கி ஊற்றிச் சுரண்டும் வேலை போயிற்று. தேய்ந்ததை எடுத்து வீசிவிட்டுப் புது ஓடு வைத்தால் போதும்.

இதில் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த தந்திரம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெயின் பேரிங்கின் கீழ்ப்பாதி ஓடு மூடியோடு வந்துவிடும். மேல்பாதி ஓடு கிராங்குக்கு மேலே, பிளாக்கில் பதிந்திருக்கும். கிராங்க் எடுக்காமல் அதை எப்படி எடுப்பது? கிராங்கில் ஆயில் வரும் ஓட்டை இருக்கிறதல்லவா, அதில் தலை தட்டையான சின்ன ஊசி ஒன்றைச் செருகிவிட்டு, கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றுவார்கள். ஊசித் தலை ஓட்டின் விளிம்பில் முட்டித் தள்ளும். ஓடு வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்து விழும். புது ஓட்டையும் அதே வழியில் உள்ளே அனுப்பலாம்.

இதற்கெல்லாம் நிபந்தனை ஒன்றுதான். சேம்பர் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பேரிங், ஆயில் பம்ப், வடிகட்டி என்று எஞ்சினின் பாதி வேலை கீழே இருந்தே முடிந்துவிடும். இறங்காவிட்டால் செயின் பிளாக், ரேடியேட்டர், வயரிங், கியர் பாக்ஸ் என்று முழுக் கச்சேரிதான்.

1959: இரண்டு கார்கள், இரண்டு முடிவுகள்

ஒரே வருடத்தில் இங்கிலாந்தில் வந்த இரண்டு கார்களை வைத்து இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று மினி. அலெக் இசிகோனிஸ் வரைந்தது. சின்னக் காருக்குள் நான்கு பேரை உட்கார வைக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பாக்ஸுக்கு இடமில்லை. அதை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். இடத்தை மிச்சம் பிடித்ததில் அது மேதையின் வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் கழற்ற அங்கே சேம்பரே கிடையாது. கிராங்க் பேரிங் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினும் கியரும் ஒன்றாக வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று டிரையம்ஃப் ஹெரால்டு. தனிச் சட்டத்தின் மேல் உடல் பூட்டிய கார். முன்பக்க மூடியும் மட்கார்டுகளும் ஒன்றாக முன்னோக்கிச் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். சேம்பர் சட்டத்தின் இரு தண்டுகளுக்கு நடுவே தொங்கும், போல்ட்டுகளைக் கழற்றினால் கீழே வந்துவிடும். இந்த எஞ்சினில் கிராங்க் முன்னும் பின்னும் ஆடாமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்வது தெரிந்த வியாதி. சேம்பரை இறக்கி, பின் மூடியைக் கழற்றி, அரைவட்ட வாஷர்களை வழுக்கி மாற்றிவிடலாம். எஞ்சின் அசைய வேண்டியதில்லை.

இந்த ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961லிருந்து தமிழ்நாட்டில் செய்தது. தமிழ் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறை 'கீழே இருந்து எஞ்சினைப் பார்' என்ற பாடத்தை இந்தக் காரில் படித்தது. எந்த வண்டி நம் ஊரில் செய்யப்பட்டதோ அதுவே நம் ஊர்க் கைகளுக்குப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பது என் எண்ணம்.

1980: ஓசூருக்கு எஞ்சின் வந்தது

தமிழ்நாடு அரசு 1971ல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆரம்ப காலத் தொழில் வளாகங்களில் ஓசூரும் ஒன்று. இடம் தமிழ்நாடு, ஆனால் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அன்றைய தருமபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகளும் கிடைத்தன. ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி பக்கமெல்லாம் ராகி விளைந்த மேட்டு நிலங்கள் ஷெட்டுகளாயின.

1980ல் அடுத்தடுத்து இரண்டு விஷயங்கள் நடந்தன. அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலை செயல்படத் தொடங்கியது. அதே வருடம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கேள்வியின் இரு முனைகளும் கிடைத்துவிடும்.

டிவிஎஸ் 50க்கு நம் அர்த்தத்தில் சேம்பரே இல்லை. அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். கிராங்க் இருக்கும் அறையே பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வந்து மேலே தள்ளப்படும் இடம். அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால்தான் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றினோம். பங்க்கில் 'டூ டீ ஆயில்' என்று தனியாக அளந்து ஊற்றியது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆயில் தன் வேலையை முடித்துவிட்டுப் புகையாகச் சைலன்சர் வழியே போய்விடும். கிராங்க் பேரிங் போனால் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. சில போல்ட்டுகள், ஒரு ஆள், ஒரு மேசை. கையில் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடலாம்.

லேலண்டு லாரி எஞ்சின் நேர் எதிர். நூற்றுக்கணக்கான கிலோ எடை. இறக்குவது என்றால் கேபினுக்கு முன்னால் கிரேனோ செயின் பிளாக்கோ வேண்டும். அதனால் லாரி, பஸ் எஞ்சின்கள் கீழே இருந்து பார்ப்பதற்கென்றே வரையப்பட்டன. பல லாரிகளில் முன் அச்சு குறுக்கே போவதால் சேம்பரின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அச்சின் மேலே மெலிந்த பக்கம். அந்தப் பாத்திரத்தின் வடிவமே ஒரு யோசனையின் தடம். பஸ் டெப்போவில் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு, அடியில் நின்றபடியே சேம்பரை இறக்குவார்கள். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் இருந்த நாட்களில் இந்தப் பக்கத்து டெப்போக்களில் வேலை கற்ற பலர், பிறகு சொந்த ஷெட் போட்டபோது முதலில் வெட்டியது அந்தப் பள்ளத்தைத்தான்.

ஆக, 'எஞ்சினை இறக்காமல்' என்ற ஆசை எடையில் பிறந்தது. மொபெட்டுக்கு அந்த ஆசை தேவையில்லை. லாரிக்கு அது இல்லாமல் முடியாது. கார் நடுவில் மாட்டிக்கொண்டது.

காரில் என்ன சிக்கல்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு, எஞ்சின் குறுக்காக வைத்து முன்சக்கரம் இழுக்கும் கார்கள் நம் ஊரில் பெருகின. அவற்றில் சேம்பர் இறங்குமா இறங்காதா என்பது அடியில் குறுக்கே என்ன போகிறது என்பதைப் பொறுத்தது. ஷெட்டில் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டியை ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டு வைக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு. ஆயிலை வடிக்க வேண்டும். அடித்தட்டு இருந்தால் கழற்ற வேண்டும். பல கார்களில் சைலன்சரின் முன் பைப் சேம்பருக்கு அடியில் போகும், அது முதலில் வர வேண்டும். கியர் பாக்ஸ் பக்கத்துச் சின்னத் தகடு அடுத்தது. பிறகு சுற்றிலும் உள்ள சின்ன போல்ட்டுகள்.

போல்ட் எல்லாம் வந்தபின்னும் சேம்பர் வராது. சிலிகான் பசை பிடித்திருக்கும். இந்தப் பக்கம் அதற்கு 'அனபாண்ட்' என்றே பெயர் ஆகிவிட்டது. மெல்லிய தகட்டைச் செருகி அறுத்துக்கொண்டே வர வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினிய முகம் கீறி, பிறகு எவ்வளவு பசை போட்டாலும் ஒழுகும். பசை விட்டபிறகும் உள்ளே இருக்கும் வடிகட்டி சேம்பரின் தடுப்புத் தகட்டில் மாட்டும். அப்போது கிராங்கைக் கொஞ்சம் சுற்றி, அதன் கனமான பகுதி மேலே போகும்படி வைத்தால் வழி கிடைக்கலாம். அப்படியும் வராவிட்டால், எஞ்சினை மேலிருந்து தாங்கிக்கொண்டு மவுண்டிங் போல்ட்டைக் கழற்றி, ஓரிரு அங்குலம் தூக்குவார்கள். இந்த ஓரிரு அங்குலம்தான் பல கார்களில் அரை நாள் வேலைக்கும் மூன்று நாள் வேலைக்கும் இடையிலான தூரம்.

கடைசிச் சிக்கல் சப்ஃபிரேம். குறுக்கே போகும் அந்தக் கனமான சட்டத்தில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் பூட்டியிருக்கும். சேம்பர் அதற்கு மேலே உட்கார்ந்திருந்தால் சப்ஃபிரேமை இறக்க வேண்டும். எஞ்சின் இறங்கவில்லை என்று பெயருக்குச் சொல்லலாம், ஆனால் வேலை கிட்டத்தட்ட அதே. முடித்தபின் அலைன்மென்டும் பார்க்க வேண்டும்.

இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. பழைய சேம்பர் வெறும் இரும்புத் தகடு. இன்று பல எஞ்சின்களில் அது அலுமினிய வார்ப்பு. கியர் பாக்ஸோடும் போல்ட் போட்டு, எஞ்சினுக்கு விறைப்பு கொடுக்கும் எலும்பாகவே அது ஆகிவிட்டது. அதிர்வு குறைகிறது, சத்தம் குறைகிறது. ஆனால் கல் பட்டால் இரும்பு நசுங்கும், அலுமினியம் விரியும். நசுங்கியதைத் தட்டி எடுக்கலாம். விரிந்ததற்கு ஆர்கான் வெல்டிங், இல்லையென்றால் புதுசு. சில எஞ்சின்களில் மேலே அலுமினியம், அடியில் சின்ன இரும்புப் பாத்திரம் என்று இரண்டு துண்டு. அடிப்பாத்திரம் சுலபமாக வரும். ஆனால் அது வந்தாலும் கிராங்க் கைக்கு எட்டாது. 1911ல் திறந்த கதவு இன்னும் இருக்கிறது, உள்ளே போகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது.

டியூ கட்டுகிறவனின் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. தேசிய நெடுஞ்சாலை வழவழப்பாக இருக்கிறது. இறங்கி அஞ்செட்டி பக்கமோ தளி பக்கமோ உள்ளே போனால் பாறை முண்டும் கிராமத்துப் பாதைகள், அளவு மீறிய வேகத்தடைகள். சேம்பர் அடிபட இதைவிட நல்ல நாடு வேண்டாம். பெங்களூருக்கு எலக்ட்ரானிக் சிட்டி வரை தினமும் ஆள் ஏற்றிப் போகும் ஒரு கார்க்காரர் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஸ்பேர் காசு இல்லண்ணா பிரச்சனை. வண்டி எத்தனை நாள் ஷெட்டுல நிக்குதுங்கறதுதான். டியூக்காரன் லீவு விடுவானா?"

அடிபட்டு ஆயில் குறைந்து, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். "பக்கத்துல தானே ஊரு" என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் சுருண்டுவிடும். அப்போது சேம்பர் வேலை முழு எஞ்சின் வேலையாக மாறும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனாலும் இருட்டில், பயணிகளோடு, காட்டு வழியில் வண்டியை நிறுத்துவது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை.

சேம்பர் கீழே இறங்கும் காரை மரத்தடி ஷெட்டே பார்த்துவிடும். சப்ஃபிரேம் இறக்க வேண்டிய காருக்கு லிஃப்ட் வேண்டும், எஞ்சினைத் தொங்கவிடும் தாங்கி வேண்டும். வேலை சின்ன ஷெட்டிலிருந்து பெரிய ஒர்க்ஷாப்புக்கு நகர்கிறது. வரைபட மேசையில் சட்டம் இரண்டு அங்குலம் தள்ளிப்போனதால் ஒரு தொழில் கைமாறுகிறது.

மறுபடியும் சேம்பர் இல்லாத வண்டி

ஓசூரின் கதை இப்போது விசித்திரமான இடத்துக்கு வந்திருக்கிறது. 1980ல் சேம்பர் இல்லாத மொபெட்டோடு தொடங்கிய ஊர் இது. அந்த மொபெட் குடும்பமே 2015ல் எக்ஸ்எல் 100 வந்தபோது நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறி, அடியில் ஆயில் தேக்கிக்கொண்டது. இப்போது ஓசூரிலும் போச்சம்பள்ளி பக்கத்திலும் மின் ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன. அவற்றில் எஞ்சின் ஆயிலும் இல்லை, சேம்பரும் இல்லை.

ஆனால் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. பல மின் வண்டிகளில் அடியில், சேம்பர் தொங்கிய அதே உயரத்தில், பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அதைக் கழற்ற முடியுமா? கழற்றினால் திறக்க முடியுமா? பத்து செல் போனால் பத்தை மட்டும் மாற்றலாமா, இல்லை முழுப் பெட்டியா? போல்ட் போட்டு மூடியதா, பசை ஊற்றி மூடியதா? மினியா, ஹெரால்டா என்று 1959ல் எடுக்கப்பட்ட அதே முடிவை இன்று சிப்காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரியில் அபாயமும் உண்டு. ஆயில் தொட்டியைத் திறப்பது போல எல்லோரும் திறக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'எல்லோரும் திறக்கக் கூடாது' என்பதும் 'யாருமே திறக்க முடியாது' என்பதும் ஒன்றல்ல.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பெயின்ட்டையும் சீட்டையும் பார்த்தபிறகு ஒரு முறை குனிந்து அடியிலும் பாருங்கள். சேம்பரைச் சுற்றி போல்ட் தலைகள் வரிசையாகத் தெரிகின்றனவா, குறுக்கே சட்டம் போகிறதா, அலுமினியமா, தகடா, முன்பே வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா? பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்கிடம் "இது எறங்குமாண்ணா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அந்த வண்டியோடு நீங்கள் கழிக்கப்போகும் வருடங்களின் செலவில் ஒரு பகுதி இருக்கிறது.